இந்தப் பயத்தை எடுத்துவிடு என்று கேட்டேன்

வேலைக்குப் போகிற வழியில் தினமும் வாந்தி எடுக்கிற மனிதனாக நான் ஆகிவிட்டிருந்தேன். நாகல் நகர் வீட்டிலிருந்து பைக்கில் கிளம்புவேன். நான் வேலை பார்க்கிற தோல் பதனிடும் ஷாப்பின் கேட் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் வாடை மூக்கில் ஏறிவிடும். உடனே நாக்கு வறளும், கை மரத்துப்போகும், நெஞ்சு கிடந்து அடிக்கும். பைக்கை ஓரங்கட்டி, வேலியோரம் குனிந்து நிற்பேன். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போவேன்.

சகோதர சகோதரிகளே, அந்த வாடையில் வளர்ந்தவன் நான். என்னைப் பெற்ற அத்தாவுக்கும் தோல் வேலைதான். எங்களுக்கு அது சோற்று வாடை. அது எப்படிப் பயமாக மாறியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் பக்ரீத்துக்குச் சற்று முன்பு, ஷாப்பின் கழிவுநீர்த் தொட்டியில் அடைப்பு ஏற்பட்டது. உள்ளே விஷவாயு இருக்கும், ஆளை இறக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் இறக்கினார்கள். நத்தத்துக்காரன் முருகேசன் இறங்கினான். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சத்தமே இல்லை. அவனுடைய மச்சினன் சேகர், “மாமா, மாமா” என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் இறங்கினான். அவன் சத்தமும் நின்றுபோனது. நான் ஏணியில் கால் வைத்துவிட்டேன். பின்னாலிருந்து யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். சட்டை கிழிந்தது. நான் மண்ணில் விழுந்தேன்.

தீயணைப்பு வண்டி வந்துதான் இரண்டு பேரையும் எடுத்தார்கள். உயிர் இல்லை. மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் முருகேசனின் மனைவி என்னைப் பார்த்துக் கேட்டாள்: “அண்ணே, நீங்க கூடத்தானே இருந்தீங்க?” குற்றம் சொல்லவில்லை. கடைசியாக அவன் என்ன சொன்னான் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்துவிட்டேன்.

ஷாப் கொஞ்ச நாள் மூடிக் கிடந்தது. பிறகு திறந்தார்கள். அதே தொட்டி, மேலே அதே இரும்பு மூடி. நடந்ததைப் பற்றி யாரும் பேசக் கூடாது, பேசினால் வேலை இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நான் வேலை பார்க்கிற இடத்துக்கு அந்தத் தொட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். நாளுக்குப் பல தடவை தாண்டினேன்.

தூக்கம் போனது. சாப்பாடு இறங்கவில்லை. நெஞ்சு வலிக்கிறது என்று டாக்டரிடம் போனேன். இதயத்தில் ஒன்றும் இல்லை, மனநல டாக்டரைப் பாருங்கள் என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. போகவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்றால், வேறு வேலை தெரியாது. இரண்டு பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

என்னால் முடிந்தது அல்லாஹ்விடம் கையேந்தும் துஆ மட்டும்தான். தொழுகையில் நெற்றியைத் தரையில் வைக்கிற ஒவ்வொரு ஸஜ்தாவிலும் ஒரே வார்த்தைதான்: “யா அல்லாஹ், இந்தப் பயத்தை என்னைவிட்டு எடுத்துவிடு.” மாதக்கணக்கில் கேட்டேன். பயம் போகவில்லை, வளர்ந்தது. வீட்டில் தண்ணீர் டிரம்மின் மூடியைத் திறந்தாலே உடம்பு நடுங்கியது. என் துஆ கூரைக்கு மேலே போகவில்லையோ என்று நினைத்தேன். ஒரு நாள் காலை, செத்துப்போனால் இன்றைக்கு வேலைக்குப் போக வேண்டியதில்லையே என்று தோன்றியது. அப்படி நினைத்ததும் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அதைக் கண்டுதான் பயந்துபோய் என் மனைவி ஆயிஷாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“இம்புட்டையும் மனசுல வச்சுக்கிட்டா தெனமும் போயிட்டு வந்தீங்க?” என்று கேட்டாள். அன்றைக்கு என்னை வேலைக்கு விடவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனாள். மாத்திரை கொடுத்தார்கள். திரும்பி வந்ததும் தொழுதுவிட்டுக் கையேந்தி அவள் கேட்டது என் காதில் விழுந்தது. “யா அல்லாஹ், எது எப்படிப் போனாலும் சரி, இவர உசுரோட வச்சிரு.”

மாத்திரையால் தூக்கம் வந்தது. பயம் இருந்தது. மறுபடி வேலைக்குப் போனேன்.

ஐப்பசி மழையில் அந்தத் தொட்டி திரும்பவும் அடைத்துக்கொண்டது. தண்ணீர் வாசல்வரை ஏறி நின்றது. ஷாப்புக்குப் புதிதாக வந்திருந்த பாண்டி என்பவனை மேனேஜர் கூப்பிட்டார். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவன்.

“அப்பு, செத்த நேர வேலதான். குத்திவிட்டுட்டு ஏறிரு.”

பாண்டி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பில் கயிறு சுற்றினான். தடுக்க வேண்டும் என்றுதான் நான் போனேன். தொட்டியருகே போனதும் கால் மடங்கிவிட்டது. அந்த மூடியின் மேலேயே விழுந்தேன். மூச்சு முட்டியது, வேர்வை ஊற்றியது, எழுந்திருக்க முடியவில்லை.

“ஏலே ரஹீம், நாடகம் போடாத. எந்திரி!”

“முடியல சார்.”

சத்தியமாக முடியவில்லை. தைரியமாக மறியல் செய்தேன் என்று பிறகு சிலர் சொன்னார்கள். அது உண்மை இல்லை. உடம்பு பயத்தில் செத்துக் கிடந்தது. வாய் மட்டும் வேலை செய்தது.

“பாண்டி, எறங்காதடா. முருகேசன் இதுக்குள்ளதான் செத்தான். சேகரும் இதுக்குள்ளதான்டா செத்தான்.”

பாண்டி மேனேஜரைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான். “யாருண்ணே செத்தா? எங்கிட்ட யாருமே சொல்லலியே.”

அவன் கயிற்றை அவிழ்த்துக் கீழே போட்டான். மற்றவர்களும் பின்னால் நகர்ந்தார்கள். வேறு வழியில்லாமல் மேனேஜர் கழிவுநீர் உறிஞ்சுகிற லாரிக்குப் போன் போட்டார். லாரி வந்த பிறகு இரண்டு பேர் என்னைத் தூக்கி ஓரமாக உட்கார வைத்தார்கள். கடப்பாரையால் மூடியை நெம்பினார்கள். முகத்தில் துணி கட்டித் தள்ளி நின்ற லாரிக்காரரே குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இதுக்குள்ளயா ஆள எறக்கப் பாத்தீங்க?” என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கேட்டபடி ரப்பு, என் இறைவன், அந்தப் பயத்தை எடுத்திருந்தால், மற்றவர்களோடு சேர்ந்து நானும் வாயை மூடிக்கொண்டு நின்றிருப்பேன். ஒருவேளை பாண்டியின் கயிற்றைப் பிடித்திருப்பேன். ரப்பு என் துஆவைக் கேட்காமல் இல்லை. கேட்டுக்கொண்டேதான், பயத்தை என்னிடமே விட்டு வைத்திருந்தான். தரை முழுக்கக் கழிவுநீர். ஸஜ்தா செய்ய இடமில்லை. உட்கார்ந்த இடத்திலேயே தலையைக் குனிந்து அழுதேன்.

அன்று சாயங்காலமே மேனேஜர் என்னை வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். வீட்டில் சொன்னேன். ஆயிஷா, “அல்ஹம்துலில்லாஹ்” என்று அல்லாஹ்வைப் புகழ்ந்தாள். அவளுடைய அண்ணன் பிரியாணிக் கடை வைத்திருக்கிறார். இப்போது அவருக்காக அய்யலூர் சந்தையில் ஆடு பிடிக்கப் போகிறேன், மற்ற நாளில் கடையில் நிற்கிறேன். வருமானம் குறைவுதான். சந்தைக்குப் போகிற வழியில் வாந்தி வருவதில்லை.

முழுக்கக் குணமாகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். மாத்திரை இன்னும் சாப்பிடுகிறேன். பாண்டியைக் காத்த இறைவன் முருகேசனையும் சேகரையும் ஏன் காக்கவில்லை என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. தொழுகையில் அதையும் அவனிடமே கேட்கிறேன். கேட்க அவன் இருக்கிறான் என்பதுதான் எனக்கு இப்போது பலம்.

காலையில் வேலையை நினைத்தாலே உடம்பு நடுங்குகிறவர்கள் உங்களில் யாராவது இருந்தால், தயவுசெய்து அதைத் தனியாகச் சுமக்காதீர்கள். வீட்டில் சொல்லுங்கள். டாக்டரிடம் போங்கள், வெட்கப்படாதீர்கள். துஆவை நிறுத்தாதீர்கள். கேட்டது கிடைக்காத நாளிலும் அவன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். என் வாழ்க்கை அதற்குச் சாட்சி.

பாண்டியும் அந்த வேலையை விட்டுவிட்டான். பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறான். சில ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியோடும் கைக்குழந்தையோடும் கடைக்கு வந்து பார்சல் வாங்குவான். கிளம்பும்போது என் பக்கம் திரும்பி, “போயிட்டு வாரேண்ணே” என்பான்.

“வாப்பா” என்பேன். அவர்கள் தெரு முனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டே நிற்பேன்.