பிரச்சினையில்லை சாரும் மஞ்சள் பெட்டியும்

சென்ற மாதம் எங்கள் மாவட்டக் கல்வி அலுவலகத்தின் மாணவர் நல அதிகாரி ஓய்வு பெற்றார். அவருக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் பாராட்டு மடலை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. முப்பது ஆண்டாகத் தபால் பிரிவில் உட்கார்ந்திருப்பவள் நான். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்பதால் அலுவலகத்தின் பொய்களெல்லாம் என்னிடம்தான் வந்து சேரும். 'மாணவர் மனங்களின் காவலர்' என்று அதில் எழுதினேன். கை கூசவில்லை, பழகிவிட்டது. உண்மையை எங்கேயாவது எழுதி வைக்க வேண்டும் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

அவரை நாங்கள் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதே இல்லை. 'பிரச்சினையில்லை சார்' என்போம். கூரை ஒழுகினாலும், மின்சாரம் போனாலும், யாராவது மாடிப்படியில் உருண்டு விழுந்தாலும் அவர் வாயில் வருவது ஒன்றுதான்: "ஒரு பிரச்சினையும் இல்ல." பதினெட்டு வருடம் மேஜை நாற்காலி வாங்கும் பிரிவில் இருந்தவர். அங்கே மேலதிகாரியோடு முட்டிக்கொண்டதும் இவரை எங்கே தூக்கிப் போடலாம் என்று பார்த்தார்கள். மாணவர் மனநலம், பாதுகாப்பு என்று புதிதாக ஒரு பிரிவு ஆள் இல்லாமல் கிடந்தது. மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இரண்டாம் நாள் மதியம் முழுக்கத் தூங்கிவிட்டதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். நான்காம் நாள் நிபுணராகத் திரும்பி வந்தார். சான்றிதழை நாற்காலிக்குப் பின்னால் மாட்டினார். சட்டைப் பையில் சிரிக்கும் முகம் போட்ட பேட்ஜ் ஒன்றைக் குத்திக்கொண்டார். அது இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை.

கெட்டவரா என்றால் இல்லை. கெட்டவராக இருப்பதற்கும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். மனைவிக்கு முழங்கால் வலி என்று மாலையில் அவரே காய்கறி வாங்கிக்கொண்டு போவார். யாரையும் அதட்டிப் பேசியதில்லை. நாற்பத்திரண்டு பள்ளிகளுக்கு அதிகாரியாக ஒன்பது வருடம் இருந்தும், ஒரு பிள்ளையிடம் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசியதும் இல்லை.

அவர் செய்ததெல்லாம் இரண்டு. முதலாவது, சுவரில் ஒரு பெரிய அட்டை. பள்ளிக்கு ஒரு வட்டம். பிள்ளைகள் நன்றாக இருந்தால் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், ஆபத்து என்றால் சிவப்பு. சிவப்பு வந்தால் மேலிடம் கேள்வி கேட்கும். உடனே இவர் தலைமையாசிரியருக்குப் போன் போடுவார்.

"என்ன சார், உங்க ஸ்கூல் சிவப்புல நிக்குது? இன்னைக்கு யாரும் அழல இல்ல? அப்ப பச்சைன்னே போட்டுக்கறேன்."

இப்படித்தான் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே பிற்பகலில் மகிழ்ச்சியானார்கள்.

இரண்டாவது, மஞ்சள் பெட்டி. மனதில் உள்ளதை எழுதிப் போடச் சொல்லி எல்லாப் பள்ளியிலும் மாட்டினார். அதைத் தலைமையாசிரியர் அறைக்கு நேர் எதிரே, ஆசிரியர்கள் உட்காரும் இடத்தைப் பார்த்தாற்போல மாட்ட வேண்டும் என்று உத்தரவு. "நல்லா கண்ணுல படணும் இல்ல?" என்றார். யாருடைய கண்ணில் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து கடிதங்களை என் மேஜையில் கொட்டுவார்கள். பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று பதினோரு பள்ளிகளிலிருந்து எழுதியிருந்தார்கள். "இது மனநலம் இல்ல, கட்டடப் பிரிவு," என்று சொல்லி அங்கே தள்ளிவிட்டார். கட்டடப் பிரிவு, பாதுகாப்பு என்பதால் உங்கள் பிரிவுதான் என்று திருப்பி அனுப்பியது. தாழ்ப்பாள் இன்னும் போடவில்லை.

போன வருடம் அந்தக் கடிதம் வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண். கோடு போட்ட தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தாள்.

'எனக்குப் பேச்சு திக்கும். எங்க வகுப்பு மிஸ் தினமும் என்னை எழுப்பிப் படிக்கச் சொல்றாங்க. நான் திக்கும்போது எல்லாரையும் கைதட்டி எண்ணச் சொல்றாங்க. ராத்திரி தூக்கம் வரல. சில நாள் நான் இல்லாமலே போயிட்டா நல்லா இருக்கும்னு தோணுது. ஆனா எனக்குப் படிக்கணும். என்னை பி பிரிவுக்கு மாத்துங்க. நான் எழுதினது எங்க மிஸ்ஸுக்குத் தெரியக் கூடாது.'

எங்கள் அலுவலகத்தில் ஒரு முறை உண்டு. எந்தத் தபால் வந்தாலும் முத்திரை குத்தி, எண் போட்டு, அது எதைப் பற்றியது என்று பதிவேட்டில் ஒரு வரி எழுத வேண்டும். 'பொருள்: பிரிவு மாற்றம் கோருதல்' என்று எழுதினேன். எழுதிவிட்டு அவர் மேஜைக்குக் கொண்டுபோனேன்.

"சார், இத நம்ம ஆலோசகர் கிட்ட கொடுத்துடலாமே. பொண்ணு என்ன எழுதியிருக்கா பாருங்க."

ஆலோசகர் என்று மாவட்டத்துக்கே ஒரே ஒருவர் இருந்தார். பிள்ளைகளோடு பேசப் படித்துவிட்டு வந்தவர். அவரை இவர் கருத்தரங்கு வருகைப் பட்டியல் சரிபார்க்க உட்கார வைத்திருந்தார்.

"ஸ்கூல தாண்டி நாம நேரா போக முடியுமாம்மா? முறைன்னு ஒண்ணு இருக்கு. தலைமையாசிரியருக்கு அனுப்பி விளக்கம் கேளுங்க. ஒரு பிரச்சினையும் இல்ல."

நான் கவரில் போட்டு, ஒட்டி, அனுப்பினேன்.

தலைமையாசிரியரும் முறை தெரிந்தவர். புகார் யார் மேல் என்று பார்த்து, விளக்கம் எழுதித் தரும்படி அந்த வகுப்பாசிரியையிடமே கடிதத்தைக் கொடுத்தார். அந்த அம்மையார் அதை வகுப்புக்கு எடுத்துப் போய், எழுதியவளையே எழுப்பி நிறுத்தி, உரக்கப் படிக்கச் சொன்னார். படித்து முடிக்க அவளுக்கு ஒரு பாட வேளை ஆயிற்றாம். மறுநாளிலிருந்து பெண் பள்ளிக்கு வரவில்லை.

எங்களுக்கு வந்த விளக்கம் இரண்டே வரி: 'மாணவி தற்போது பள்ளிக்கு வருவதில்லை. எனவே கோரிக்கை முடித்து வைக்கப்படுகிறது.' பிரச்சினையில்லை சார் அதில் கையெழுத்திட்டார். அந்தப் பள்ளியின் வட்டம் பச்சையாகவே இருந்தது. தூ என்று துப்பத் தோன்றியது. துப்பாமல் கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து, கழுத்தில் தையல் ஆலை அடையாள அட்டையோடு ஒரு பெண்மணி என் மேஜைக்கு வந்தார். பெற்றோர் கையெழுத்துக்காகப் பள்ளியிலிருந்து அனுப்பிய அந்தக் கடிதத்தின் நகலை விரித்து வைத்தார். மேலே என் முத்திரை.

"இது இங்க குத்தினதுதானே மேடம்? நான் அவ அம்மா. வீட்டுலயே கெடக்கா, சாப்பிடறதில்ல. தனியா விட பயந்துக்கிட்டு நானும் வேலைக்குப் போகல."

சார் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். ஆலோசகரின் எண்ணைத் துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டினேன். "இவங்க கிட்ட இன்னைக்கே பேசுங்கம்மா. நல்லவங்க."

அந்த அம்மா அதைப் பார்த்தார். "இவங்க முன்னாடியே இங்க இருந்தாங்களா?"

தலையாட்டினேன்.

"அவ கீழ படிக்கட்டுல நிக்கிறா. மேல வர மாட்டேங்கறா. இங்க எல்லாரும் அத படிச்சிருப்பாங்க, அவ மூஞ்சிய பாத்தா சிரிப்பாங்கன்னு சொல்றா. நீங்க படிச்சீங்களா மேடம்?"

படித்தேன் என்றால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் வெட்கத்தைக் காப்பாற்றுவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"இல்லம்மா. நாங்க யாரும் எதையும் படிக்கறதில்ல. நம்பர் போட்டு அனுப்பறதோட சரி."

நிம்மதியாகி விடுவார் என்று நினைத்தேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

"ஒருத்தர்கூடவா படிக்கல? ரெண்டு வாரம் உக்காந்து எழுதினாளே. யாராவது படிச்சுட்டு வருவாங்கன்னு தினமும் கிளாஸ் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாளாம்."

இரண்டு காகிதங்களையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். என் இடத்துச் சன்னல் அந்தப் படிக்கட்டுப் பக்கம்தான். மகளிடம் இதைச் சொல்வது காதில் விழுந்துவிடுமோ என்று பயந்து, நான் எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினேன்.