ஷ்ப்ராக்புண்ட்டும் தாட்சாயணியின் தாம்பூலமும்

நகரி கன்னையாவின் மகள் தாட்சாயணி, திருப்பதியில் ஒரு புரொபசருக்கு டைப் அடித்துக்கொண்டிருந்தாள். அவர் மொழி ஆராய்ச்சிக்காரர். அவர் கட்டுரையில் பக்கத்துக்குப் பக்கம் வந்து அவள் விரலை ஒடித்த சொல் ஒன்று: ஷ்ப்ராக்புண்ட். ஜெர்மன் சொல். ஷ்ப்ராக் என்றால் பேச்சு. புண்ட் என்றால் கட்டு, கட்டுவதைக் குறிக்கும் வினையில் பிறந்தது. நாம் சொல்லும் பந்தமும் அதுவும் ஆதியில் ஒரே வேர் என்றார் புரொபசர். பக்கம் பக்கமாக வாழ்ந்து, ஒன்றின் சாடை ஒன்றுக்கு ஏறிவிட்ட மொழிகளுக்கு அந்தப் பெயராம்.

"இதுக்கு ஜெர்மனியா போவணும்? எங்க வூட்டுக்கு வந்தா போதுமே!" என்று சிரித்தாள். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் வீடு அவளுடையது.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. ஆந்திரா பிரிந்து, எல்லை எங்கே என்று இரண்டு பக்கமும் மல்லுக்கு நின்ற காலம். புத்தூரில் தெலுங்கு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட அத்தையின் மகன் கோவர்த்தனனுக்குத்தான் தாட்சாயணி என்று அவள் பிறந்தபோதே பேச்சு. அவளுக்கும் அவன்மேல் உயிர். ஆனால் நைனா கன்னையா, நகரி மெட்ராஸோடு சேரும்வரை தன் காதில் தெலுங்கு ஏறாது என்று சபதம் போட்டிருந்தார். கோவர்த்தனனின் அப்பா ரங்கையா மாமா மட்டும் சளைத்தவரா? அவர் வாயில் தமிழ் வராதாம். வீம்பு பிடித்த கட்டைகள்!

தாம்பூலத்தன்று "கொடுத்தேன்", "கொண்டேன்" என்று இருவரும் சபையில் சொல்ல வேண்டும். எதிராளிக்குப் புரிந்தால்தான் செல்லும். மாமா தெலுங்கில் பெண் கேட்டார். நைனா கூரையைப் பார்த்தார்.

"இன்னாம்மா சொல்றாரு?" என்று மகளையே கேட்டார். கல்யாணப் பெண்ணே மொழிபெயர்க்க வேண்டுமாம், என்ன கண்றாவி!

தாட்சாயணிக்குப் பொறுக்கவில்லை. "சொல்ல மாட்டேன் நைனா. உனுக்குப் புரியலன்னா அவங்க தட்டை எடுத்துக்கினு போவட்டும். நான் வேற எவனையும் கட்டிக்க மாட்டேன். எங்கியோ கீற ஜெர்மன்காரன், பக்கத்துல வாழற பேச்சுக்கே பந்தம்னு பேர் வெச்சிகிறான். பெத்த உனுக்குத் தெரியல!"

மாமா முகம் சுண்டிப்போய்த் தட்டைத் தூக்கினார். தூக்கியதுதான் தாமதம், நைனாவின் கை அதைப் பிடித்துக்கொண்டது.

"ஆகு பாவா! இச்சினானு, நா பிட்டனு நீகே இச்சினானு!" நில்லு மச்சான், மகளை உனக்கே கொடுத்துவிட்டேன் என்று தெலுங்கிலேயே கத்தினார்.

மாமா தட்டை அவர் கையிலேயே விட்டார். "இதச் சொல்றதுக்கு இவ்ளோ நேரமா மச்சான்?" என்றார், தமிழில்.

நகரி கடைசியில் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. நைனா அதைச் சொல்லிச் சொல்லிச் சாகும்வரை திட்டினார், புத்தூர்ப் பேரப்பிள்ளைகளுக்குப் புரியும்படி தெலுங்கில்.