டாரில் ஆடாத பதினொரு நிமிடம்

கனடாவின் தண்டர் பே ஐஸ் ஹாக்கி அணியில் புதிதாகச் சேர்கிற பையன்கள் டாரில் ஸ்டெஃபானிக்கைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். தாத்தாவுக்கு வயது முப்பத்து மூன்று. கீழ் லீக்கில் பதிமூன்று வருடம், ஐந்து ஊர், எழுநூறு ஆட்டத்துக்கு மேல். மூக்கு இரண்டு முறை உடைந்திருந்தது, முன்பற்கள் நான்கும் கட்டியவை. எதிரணிக்காரன் கோலை நோக்கி அடித்தால் குறுக்கே விழுந்து தடுப்பது அவன் வேலை. அதில் அவனைக் குறை சொன்னவர்கள் கிடையாது. மேல் லீக்கில் மட்டும் அவன் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. மேல் அணியில் யாருக்காவது அடிபட்டால் கீழிருந்து ஒருவனை அழைப்பார்கள். பல முறை டாரிலின் பெயர் பேச்சில் வந்து, பேச்சோடு போயிருக்கிறது.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பயிற்சி முடிந்து ஸ்கேட்டைக் கழற்றிக்கொண்டிருந்தவனிடம் கோச் கிரிம்ஷா வந்து குனிந்தார்.

“மேல ரெண்டு பேர் விழுந்துட்டாங்க. நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு வினிபெக்ல ஆட்டம். உன் பேரைச் சொன்னேன், சரின்னுட்டாங்க. பெட்டியைக் கட்டு.”

“விளையாடாதீங்க கோச்.”

“உன்கிட்ட என்னிக்குடா விளையாடியிருக்கேன்?”

டாரில் காருக்குள் போய் உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பாமல் அப்பாவுக்கு போன் செய்தான். வால்ட்டர் கோதுமை வயல்களுக்கு நடுவே கனோராவில் தனியாக இருந்தார். எழுபத்தொரு வயது. வீட்டில் சுவரில் மாட்டிய போன் மட்டும்தான்.

“அப்பா, நாளைக்கு மேல் லீக்ல ஆடறேன். வினிபெக்ல.”

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது.

“அப்பா? கேக்குதா?”

“கேக்குதுடா. டிக்கெட் வாசல்லயே கிடைக்குமில்ல?”

“அஞ்சு மணி நேர ரோடுப்பா. ஐஸா இருக்கும். டிவில பாருங்க.”

“டிவில பாக்கறதுக்கா இத்தனை வருஷம் உக்காந்திருந்தேன்? போய் வேலையைப் பாரு.”

ஞாயிறு காலை ஆறரைக்கு, மனைவி ரோந்தா தேய்த்துக் கொடுத்த நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு டாரில் காபி குடித்துக்கொண்டிருந்தான். கொண்டாட்டத்துக்கென்று அவள் வாங்கிவந்த, ரோஜா நிறக் கிரீம் பூசிய பன்கள் மேஜைமேல் பெட்டியோடு இருந்தன. கதவு தட்டப்பட்டது. கோச் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“டாரில், மேல மனசு மாறிட்டாங்க. ஓஸ்கரியை அனுப்பச் சொல்றாங்க.”

ஓஸ்கரி பின்லாந்துப் பையன். இருபது வயது. அணிக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

“அவனுக்கு இன்னும் யாரை மறிக்கணும்னே தெரியலையே,” என்றாள் ரோந்தா. மனைவியின் குரல் உயர்வதை டாரில் அபூர்வமாகத்தான் கேட்டிருக்கிறான்.

“நானும் அதைத்தாம்மா சொன்னேன். ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். ‘டாரில் யாருன்னு எங்களுக்குத் தெரியும். இந்தப் பையன் யாரா வருவான்னுதான் பாக்கணும்’னுட்டாங்க.”

டாரிலுக்குக் கோபம் வந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. இருபது வயதில் அவனும் இப்படித்தான் ஒருமுறை, லோர்ன் என்ற முப்பத்தைந்து வயதுக்காரனைத் தாண்டி மேலே போனான். ஆட வாய்ப்பில்லாமல் பத்து நாள் பெஞ்சுக்குப் பின்னால் நின்றான், பயிற்சியில் தோள் கழன்றது, திரும்பி வந்தான். லோர்ன் அன்று கைகுலுக்கியது நினைவிருந்தது. அவன் முகம் எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அன்று டாரில் அதைப் பார்க்கவே இல்லை.

திடீரென்று எழுந்தான். “ஐயோ, அப்பா!”

கனோரா வீட்டில் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. பக்கத்து வீட்டு ஓல்காவைக் கூப்பிட்டான்.

“அந்த மனுஷன் விடியறதுக்கு முன்னாடியே வண்டியை எடுத்துட்டாரேப்பா. கழுத்துல டை வேற! நாங்க எல்லாரும் சர்ச் ஹால்ல டிவி போட்டு உன்னைப் பாக்கப் போறோம்.”

“சரிங்க,” என்று சொல்லி வைத்துவிட்டான். பிறகு வினிபெக் அரங்க அலுவலகத்துக்கு நான்கு முறை பேசினான். பதினையாயிரம் பேரில் டை கட்டிய ஒரு கிழவரை எங்கே தேடுவது என்று போனை எடுத்த பெண் தன்மையாகத்தான் கேட்டாள்.

டிவியைப் போட வேண்டாம் என்றாள் ரோந்தா. அவன் ஆட்டத்தைப் பார்த்தான். ஓஸ்கரி பதினொரு நிமிடம் ஆடினான். முதலில் தடுமாறினான். கடைசிப் பகுதியில் ஒரு பலமான அடிக்குக் குறுக்கே விழுந்து வலது முழங்காலுக்குக் கீழே வாங்கி, நொண்டிக்கொண்டு வெளியேறி, மறுபடி வந்தான்.

“நல்லா விழுந்தான்,” என்றான் டாரில்.

ஆறு மணிக்கு போன் வந்தது.

“டாரில், நான்தான். ஒரு அம்மா போன் குடுத்தாங்க.”

“அப்பா, காலைல உங்களுக்கு...”

“ஆட்டத்துக்கு முன்னாடி சுத்தி வருவாங்கல்ல, அப்பவே நீ இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. உனக்கு எங்கயாவது அடிபட்டுதோன்னு பயந்துட்டேன். இல்லையே?”

“இல்லப்பா.”

“அது போதும்.”

“கடைசி வரைக்கும் இருந்தீங்களா?”

“பின்ன? அந்தப் பையன் மோசமில்லடா. வயிறு எரியுது, ஆனா மோசமில்ல.”

அந்தக் கோடையில் டாரிலுக்கு ஒப்பந்தம் வரவில்லை. ரோந்தாவுடன் கனோராவுக்கே திரும்பி, பள்ளிப் பேருந்து ஓட்டப் போனான். அப்பாவும் அவனும் ஹாக்கி பார்த்தார்கள், வினிபெக்கைப் பற்றி மட்டும் பேசிக்கொள்ளவில்லை. இரண்டாவது குளிர்காலத்தில் வால்ட்டர் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அடக்கம் முடிந்து சர்ச் ஹாலில் சாப்பாடு. ஓல்கா அவன் தட்டில் உருளைக்கிழங்கு அடைத்த பெரோகிக் கொழுக்கட்டைகளை அடுக்கிக்கொண்டே பேசினாள்.

“காபிக் கடைல உக்காந்தா உங்கப்பாவுக்கு அந்த வினிபெக் ஆட்டம்தான். ‘பதினோரு நிமிஷம் ஆடினான் என் பையன், கால்லயே வாங்கித் தடுத்தான்’னு.”

டாரிலுக்குத் தட்டு கையில் கனத்தது. “நீங்கதான் எல்லாரும் டிவில பாத்தீங்களே?”

“பாத்தோம். முதுகுல அந்தப் பையன் பேரு எழுதியிருந்ததே.” ஓல்கா கரண்டியை வைத்தாள். “யாரும் ஒரு வார்த்தை சொல்லலப்பா. ரெண்டு வருஷம். சிலசமயம் எந்தக் கால்னு அவருக்கே மறந்துடும், மாத்திச் சொல்வார். நாங்க ஆமா ஆமான்னு கேட்டுக்கிட்டோம்.”

டாரில் தலையை ஆட்டினான். தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டான்.