தாழ்ப்பாள் பழகிய கை

என் மடத்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் வெட்கமாகிவிடும். கரடிக்கு முன்னால் என் வேட்டைத் துவக்கு இறுகிச் சுடாமல் நின்றதற்கு மருந்து, அதைவிடத் தடித்த ஒரு துவக்குத்தான் என்று தீர்மானித்த ஆள் நான். பல்வலிக்குப் பெரிய தொப்பி வாங்கிப் போட்டவனைப் போல.

அதுவும் சாதாரணத் தடிப்பு அல்ல. ஆபிரிக்காவில் யானைக்கும் காட்டெருமைக்கும் கொண்டுபோகிற நாலு-பதினாறு காலிபர். அதன் தோட்டா என் நடுவிரலைவிட நீளம். ஒன்ராறியோக் காட்டில் யானை கிடையாது. எங்கள் பக்கத்து மிருகக்காட்சிச்சாலையில்கூட இப்போது இல்லை. இதை என் மனைவி சொன்னபோது, "வந்தால்?" என்று கேட்டேன். அவள் மீன் வெட்டப் போய்விட்டாள்.

நடந்தது இதுதான். போன இலையுதிர்காலம் நானும் மச்சானும் வடக்கே மூஸ் என்கிற பெருமான் வேட்டைக்குப் போயிருந்தோம். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. பல வருடங்களாக ஒன்றாகத்தான் காட்டுக்குப் போகிறோம். அன்று மூஸ் விழுந்து, வெட்டி, இறைச்சியைச் சுமந்துகொண்டிருந்தோம். மச்சானின் தோளில் ஒரு முழுத் தொடை. அவனுடைய துவக்கு தூரத்தில் ஒரு மரத்தில் சாய்ந்திருந்தது. காவல் நிற்பது என் வேலை. கரடி பற்றைக்குள்ளிருந்து வந்த விதத்தில், அதுவும் அந்த மூஸை நெடுநாளாகக் குறிவைத்திருந்தது போலிருந்தது. அதை வெருட்ட நான் நிலத்தில் ஒரு வெடி சுட்டேன். அது நிற்கவில்லை. அடுத்த தோட்டாவை ஏற்றப்போனேன். இரண்டு தோட்டாக்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக முட்டி, தோட்டாவைத் தள்ளுகிற போல்ட் அசையமாட்டேன் என்றது. கரடி மச்சானுக்கு ஒரு கார் நீளத்துக்குக் கிட்ட வந்து, நின்று, மூச்சை ஊதி, தானாகத் திரும்பிப் போனது. என் நிலையைப் பார்த்து அதற்குப் பரிதாபம் வந்திருக்கவேண்டும்.

மச்சான் அன்று கரடியின் கதையையே எடுக்கவில்லை. வீடு வந்து சேரும்வரை ஹொக்கியைப் பற்றிக் கதைத்தான். அவன் ஹொக்கி பார்ப்பதேயில்லை.

பனியெல்லாம் கரைந்த பிறகு, ஒரு ஞாயிறு எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் வாயைத் திறந்தான்.

"இந்த முறை வேட்டைக்கு நான் வேற ஆக்களோட போறன்."

"ஏன் மச்சான்?"

"உன்னோட நிண்டா முதுகு கூசுது."

என் மனைவி கரண்டியைத் திரும்பச் சட்டிக்குள் வைத்தாள். நான் சிரிக்கப் பார்த்தேன், சிரிப்பு வரவில்லை.

"அது துவக்கின்ர பிழை," என்றேன்.

"துவக்கோ நீயோ, எனக்குத் தெரியாது. நான் பாத்தது உன்ர கை பின்னுக்குப் போனதை. ஓடத்தான் வெளிக்கிடுறாய் எண்டு நினைச்சன்."

நான் ஓட நினைக்கவில்லை. ஆனால் கை பின்னுக்குப் போனது உண்மை. ஏன் போனது என்று எனக்கே தெரியாது. தெரியாத ஒன்றுக்கு எப்படி வழக்காடுவது? அதனால் வழக்கம்போல் வாய்வீரம் காட்டினேன். புதுத் துவக்கே கட்டுவிக்கிறேன், கரடி என்ன, யானையே வந்தாலும் விழும் என்றேன்.

"கட்டு," என்றான். "ஆனா என்ர கண்ணுக்கு முன்னால ஓட்டிக் காட்டு. ஒருக்கா இறுகினாலும் நான் அங்கால."

இப்படித்தான் ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் ஒஷாவாவில் ஒரு துவக்குத் தச்சரின் பட்டறையில் நின்றோம். நானும் மச்சானும் கோட்டு சூட்டு. மனைவி மாம்பழ நிறக் காஞ்சிபுரம். அன்று பின்னேரம் அதே ஊரில் ஒரு மண்டபத்தில் சொந்தக்காரப் பிள்ளையின் சாமத்தியவீடு, பூப்புனித விழா. ஒரே பெற்றோலில் இரண்டு காரியத்தையும் முடிப்பது என் யோசனை. தச்சர் ஒரு பெரிய வெள்ளைக்காரர். மனைவியின் சேலையைப் பார்த்துவிட்டுக் கதிரையைத் துடைத்தார். துடைத்த துணியில் எண்ணெய் கூடுதலாக இருந்தது. அவள் நன்றி சொல்லி நின்றுகொண்டே இருந்தாள்.

கட்டுவிக்கிற துவக்கு வீடு மாதிரி. குழல், மரக்கட்டை, குறிபார்க்கும் கண்ணாடி எல்லாம் பிறகு. முதலில் அத்திவாரம் தெரியவேண்டும். அதைத்தான் அக்சன் என்கிறார்கள்: போல்ட் முன்னும் பின்னும் ஓடித் தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற இரும்புக்கூடு. என் பைத்தியக்காரத் தோட்டாவின் நீளத்துக்கு எல்லாக் கூடும் பொருந்தாது. பொருந்தக்கூடியவை இரண்டை அவர் மேசையில் இறுக்கி, சோதனைக்கென்று குழலும் பூட்டி, வெடிக்காத போலித் தோட்டாக்களை நிரப்பி வைத்திருந்தார்.

ஒன்று புத்தம் புதிது. போல்ட் தோட்டாவை முன்னால் தள்ளிக்கொண்டு போகும். கடைசியில் பூட்டும்போதுதான் அதைப் பிடிக்கும். மற்றது பழைய மவுசர் வகை. அதன் போல்டின் பக்கவாட்டில் நீளமாக ஒரு கொளுக்கி. தோட்டா பெட்டியை விட்டு எழும்பும்போதே அதன் அடியைக் கவ்விவிடும், பிறகு விடாது. தச்சருக்குப் புதியதில்தான் விருப்பம். பலமானது, துல்லியமானது, எண்ணெயில் வழுக்குவதுபோல ஓடும் என்றார். மூன்றும் உண்மை. தொட்டதும் எனக்கும் அதில் காதல். பழையது கடகடவென்று ஆடியது, எங்கள் தொடர்மாடி லிஃப்ட் மாதிரி.

புதியதை ஓட்டினேன். இழு, தள்ளு, பூட்டு. இழு, தள்ளு, பூட்டு. தோட்டாக்கள் பாய்ந்து பாய்ந்து மேசையில் விழுந்தன. ஒருமுறைகூடப் பிசகவில்லை. நான் மச்சானைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றான்.

"திருப்பி நிரப்பிப்போட்டு ஓட்டு."

ஓட்டினேன். அவன் பின்னால் நிற்பது என் பிடரியில் ஈரத்துணி போலக் குளிர்ந்தது. ஏதோ செய்யப்போகிறான் என்று தெரியும்; எப்போது என்று தெரியாது. தச்சரும் சுவாரசியத்தில் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். இழு, தள்ளு, பூட்டு. இழு,

"கரடி!"

மச்சான் அடித்தொண்டையிலிருந்து கத்தினான். என் கை தள்ளியது, நடுவழியில் நின்றது, கடைசிவரை பின்னுக்கு இழுத்தது, மறுபடி தள்ளியது. முட்டியது. பாதியில் விட்ட தோட்டா உள்ளேயே கிடக்க, அடுத்தது அதில் இடித்து, இரண்டு தோட்டாக்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக. காட்டில் பார்த்த அதே படம்.

யாரும் என்னை ஏசவில்லை; ஏசியிருந்தால் ஒரு பகிடி விட்டுத் தப்பியிருப்பேன். மச்சான் கார்த் திறப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

"சரி," என்றான். "மண்டபத்துக்கு நேரமாகுது."

"மச்சான், ஒரு நிமிசம்."

"என்னத்துக்கு? பாத்தாச்சுத்தானே. துவக்கில்லை, நீதான்."

அப்போதுதான் மனைவி வாயைத் திறந்தாள். அவ்வளவு நேரமும் சேலைக் கரை எண்ணெயில் படாமல் பிடித்துக்கொண்டு நின்றவள்.

"அண்ணா, உவர் வீட்டுக் கதவும் உப்பிடித்தான் பூட்டுறவர்."

மச்சான் திரும்பினான். "எப்பிடி?"

"பாதி தள்ளுவார். நிப்பாட்டுவார். முழுக்கத் திருப்பி இழுத்துப்போட்டுப் பிறகு தள்ளுவார். ஆராவது சத்தம் போட்டா, இல்லாட்டி வெளியில பொலிஸ் வாகனம் போனா, கட்டாயம் உப்பிடித்தான். கள்ளன் மாதிரிப் பூட்டாதேங்கோ எண்டு நானும் சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனன்."

நான் என் வலது கையைப் பார்த்தேன். அது என்னுடையதுதான், மோதிரம் இருந்தது.

ஊரில் எங்கள் வீட்டு முன்கதவுத் தாழ்ப்பாள் பாதிவழியில் கிறீச்சிடும். வாசலுக்கு நேரே றோட்டு. யுத்தகாலத்தில் றோட்டால் ஆமி நடந்துபோகிற நேரங்களில் பூட்டுவது என் பொறுப்பு, வீட்டில் மூத்தவன். கிறீச்சிடும் இடம் வந்ததும் நிறுத்தி, சப்பாத்துச் சத்தத்தைக் கேட்டு, முழுக்கப் பின்னுக்கு இழுத்து, மறுபடி மெதுவாகத் தள்ளவேண்டும். ஒரு நாளும் பிடிபடவில்லை. அதை நான் கெட்டித்தனம் என்று நினைத்திருந்தேன். கனடாவில் மூன்று வீடு மாறினேன். ஒரு கதவும் கிறீச்சிடவில்லை. கைக்கு மட்டும் யாரும் அதைச் சொல்லவில்லை.

இதைச் சொன்னேன். பகிடியாகத்தான் தொடங்கினேன். பாதியில் குரல் என்னை விட்டுவிட்டுத் தனியே போனது. மச்சான் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் வீடும் றோட்டோரம்தான். திறப்பு இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

தச்சருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. மனைவி சுருக்கமாக ஆங்கிலத்தில் சொன்னாள். பழகினால் மாறும் என்றார் அவர். புதியதையே எடுத்து, தினமும் ஓட்டி, கையைத் திருத்தலாமாம்.

"கலியாணம் முடிச்ச நாளில இருந்து நான் திருத்துறன்," என்றாள் மனைவி தமிழில். "மாறாது."

மச்சான் மேசைக்கு வந்தான். பழைய மவுசரைச் சுட்டினான். "உதை ஓட்டு."

கொளுக்கி வைத்த போல்டைப் பிடித்தேன். விட்டு, கையைக் கோட்டில் துடைத்து, மறுபடி பிடித்தேன். இனிச் சிரிப்பில்லை என்று எனக்குத் தெரியும். இதுவும் முட்டினால் அவன் காருக்குப் போவான். இலையுதிர்காலத்தில் வேறு யாரோ அவனுக்குக் காவல் நிற்பார்கள். நான் சாமத்தியவீடுகளில் அவனோடு ஹொக்கி கதைப்பேன், சாகும்வரை. இழுத்தேன். தள்ளினேன். பூட்டினேன். கடகட. மறுபடி. மச்சான் பின்னால் நின்றான். மூச்சு விடுவது கேட்டது. கத்துவான் என்று காத்திருந்தேன், கத்தவில்லை. மறுபடி இழுத்தேன்.

அவன் மேசையிலிருந்த இரும்புத் தட்டு ஒன்றை நிலத்தில் போட்டான்.

கை தள்ளியது. நின்றது. பின்னுக்கு இழுத்தது. கொளுக்கி பிடித்திருந்த தோட்டா துள்ளி எழும்பி, தச்சரின் கோப்பிக்குள் விழுந்தது. கை மறுபடி தள்ளியது. அடுத்த தோட்டா சத்தமில்லாமல் உள்ளே போனது. போல்ட் பூட்டியது.

"திருப்பி," என்றான் மச்சான்.

திருப்பிச் செய்தேன். தட்டும் விழுந்தது, கத்தலும் வந்தது, ஒருமுறை மனைவியும் சேர்ந்து கத்தினாள். அவளுக்குப் பழைய கணக்குகள் இருந்திருக்கும். ஒவ்வொரு முறையும் கை தன் பைத்தியத்தைச் செய்தது. ஒவ்வொரு முறையும் ஒரு தோட்டா வீணாகி வெளியே பாய்ந்தது. அடுத்தது போய்ப் பூட்டியது. முட்டவேயில்லை. புதியது தயங்காத ஆளுக்குச் செய்தது. இது மனம் மாறுகிறவனுக்கென்றே யாரோ ஒரு பயந்தவர் யோசித்துச் செய்திருக்கவேண்டும். அவருக்கு என் வணக்கம்.

"இதைக் கட்டச் சொல்," என்றான் மச்சான். காலிபரைக் குறைக்கலாமே என்று தச்சர் கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தார். நான் விடவில்லை. யானை பற்றி ஸ்காபரோ முழுவதும் சொல்லியாகிவிட்டது.

வெளியே வந்தோம். காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. மனைவி ஓடிப்போய்ப் பின்சீட்டில் ஏறினாள். மச்சான் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் ஏறினேன். கார்க்கதவைப் பாதி இழுத்து, நிறுத்தி, திறந்து, மெதுவாகச் சாத்தினேன். அது பூட்டவில்லை, முன்னால் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்ப, இந்த முறை என்னோட வாறியோ மச்சான்?"

"வாறன். முதல்ல உந்தக் கதவை அடிச்சுச் சாத்து."