அம்புஜம் அக்கா நாடகம் பார்த்த வருஷம்

கோட்டைமேட்டுல நாடகத்துக்கு உடுப்பு வாடகைக்கு விடற கலீல் ரஹ்மான் நான்தானுங்க. ராஜா அங்கி, மந்திரி தலப்பா, ராணிக்கு ஜிகினா வச்ச பாவாடை, போலீஸ்காரன் தொப்பி, எல்லாம் நம்ம கடையில இருக்கும். எடுத்துட்டுப் போறவன் வேர்வையோட சுருட்டிக் கொண்டாந்து மேசை மேல போட்டுட்டு, நல்லா இருந்துச்சுங்க பாய்னு சிரிச்சுக்கிட்டே போவான். எனக்குப் பத்திக்கிட்டு வரும். அதைச் சொல்ல ஆரம்பிச்சா இன்னைக்கு முடியாது, அம்புஜம் அக்கா கதைக்கு வாரேன்.

மார்கழியில கல்யாணம் கிடையாதில்லீங்களா? மண்டபமெல்லாம் சும்மா பூட்டிக் கிடக்கும். பீளமேட்டுல ஒரு மண்டபத்துக்காரருக்கு நாடகப் பைத்தியம். அந்த ஒரு மாசமும் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாடகப் போட்டி வச்சாரு. விதி என்னன்னா, புது நாடகம் ஆகாது. எப்பவோ மேடையேறி, ஜனங்க பாத்து, அப்புறம் கிடப்புல போன நாடகத்தைத்தான் தூசி தட்டி மறுபடி போடணும். புது நாடகம்னா எப்ப முடியும்னே தெரியாது, வாட்ச்மேன் ஊட்டுக்குப் போக வேண்டாமான்னு கேப்பாரு. வசன நாடகத்துக்கு ஒரு பரிசு, பாட்டு நாடகத்துக்கு ஒரு பரிசு, நல்ல நடிகருக்கு ஒரு பரிசு. ஒவ்வொரு பரிசுக்கும் தேறின மூணு பேரை முதல்ல வாசல் பலகையில எழுதி மாட்டுவாங்க. தை பொறக்கறதுக்கு முந்தின ஞாயிறு பரிசளிப்பு. தை பொறந்துட்டா கல்யாணக்காரங்க சமையல் பாத்திரத்தோட வந்து நின்னுருவாங்களே.

பலகையில யார் பேர் வரும், அதுல எவன் கப்பைத் தூக்குவான்னு, பலகைக்கு முன்னாடியே சொல்லிப்போடற ஆளுதான் அம்புஜம் அக்கா. ஒரு வருஷம்கூடத் தப்பினதில்லை. பல்லடத்துல இருந்து, காரமடையில இருந்தெல்லாம் நாடகக்காரங்க வந்து அக்கா ஊட்டு வாசல்ல நிப்பாங்க. பரிசு உண்டுன்னு அக்கா சொன்னாத்தான் சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு வர வேன் பிடிப்பாங்க. இல்லைன்னா டவுன் பஸ்ஸுல வந்து பின்னாடி உட்கார்ந்துட்டுப் போயிருவாங்க. அக்காவும் மூஞ்சிக்கு நேராச் சொல்ற ஆளுதான். ஆனா மரியாதை குறையாது. "உங்களுக்குக் கிடைக்காதுங்க கண்ணு, மோர் குடிக்கறீங்களா?"னு ஒரே மூச்சுல கேப்பாங்க. வந்தவன் மோரைக் குடிச்சுட்டு, நல்லதுங்க அக்கான்னு கும்பிட்டுட்டுப் போவான்.

அக்கா பொறந்தது காரமடை. பீளமேட்டுல லேத் பட்டறை வச்சிருந்த வெங்கடபதி அண்ணனுக்கு வாக்கப்பட்டு வந்தவங்க. ஊட்டுக்குள்ள தெலுங்கு, வாசல்ல வந்தா நம்ம பேச்சு. கோபம் வந்தா ரெண்டும் கலந்து வரும், அப்ப குறுக்கே போகக்கூடாது.

நாடகத்தைப் பத்தி அக்காவுக்கு என்ன தெரியும்னு கேட்டீங்கன்னா, ஒண்ணும் தெரியாது. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். முதல் வருஷம் போட்டிக்கு அக்கா நேரங்கழிச்சு வந்தாங்க. மிச்சம் இருந்தது ஒரே நாற்காலி, ஓரத்துல பெரிய தூணுக்குப் பின்னாடி. அங்கிருந்து பாத்தா மேடையே தெரியாது. தெரியறது முன்வரிசையில உட்கார்ந்திருக்கற மூணு ஜட்ஜுங்க மூஞ்சி மட்டும்தான். வேற போக்கில்லாம அக்கா அதையே பாத்துட்டு இருந்தாங்க. அப்பத்தான் கண்டுபிடிச்சாங்க. ஜட்ஜுங்க மூணு பேரும் வயசானவங்க, இந்த நாடகத்தையெல்லாம் மீசை முளைக்கற வயசுல பாத்தவங்க. வசனம் அவங்களுக்கு மனப்பாடம். மேடையில சரியா நடந்தா, அவங்களுக்கே தெரியாம வாய் கூடவே அசையும். வாய் அசைஞ்சா பரிசு. நடுவுல கொட்டாவி விட்டு, பஜ்ஜி வாசம் வர்ற பக்கம் திரும்பினா ஒண்ணுமில்லை. பாட்டு நாடகம்னா வாயைப் பாக்கக்கூடாதாம், செருப்புக்கு வெளிய நீட்டிட்டிருக்கற கட்டைவிரல் தாளம் போடுதான்னு பாக்கணுமாம்.

அடுத்த வருஷத்துல இருந்து அக்கா அந்தத் தூணுக்குப் பின்னாடி நாற்காலியை யாருக்கும் விட்டுக் குடுக்கலை. ஒரு தடவை நல்ல பனி. ஜட்ஜுங்க மூணு பேரும் மப்ளரை மூக்கு வரைக்கும் சுத்திட்டு வந்துட்டாங்க. அக்கா அசரலையே. சமையக்கட்டுக்குப் போய் சூடா சுக்குக் காப்பி போடச் சொல்லி, சீன் மாறும்போதெல்லாம் குடுத்தனுப்பினாங்க. மப்ளர் இறங்கிருச்சு. அந்த வருஷமும் சொன்னது அப்படியே பலிச்சுது.

மேடைக்குப் பக்கவாட்டுல திரை ஓரமா ஊசியும் நூலுமா நான் நிப்பேன். அங்கிருந்து பாத்தா தூணுக்கு அந்தப் பக்கம் அக்காவோட ஒரு தோளும் கொஞ்சம் கொண்டையும் மட்டும் தெரியும். எதிர்த்தாப்புல கயித்தைப் பிடிச்சுட்டு வெங்கடபதி அண்ணன் நிப்பாரு. பீளமேட்டுக் குழுவுக்குத் திரை இழுக்கறவர் அவருதான். வருஷக்கணக்கா இழுத்தாரு. எல்லார் வசனமும் தெரியும், எவனும் இவருக்கு ஒரு காவலாளி வேஷம்கூடக் குடுக்கலை. மனுஷனுக்கு உள்ளுக்குள்ள ஆசை இருந்துச்சு. ராஜா அங்கியைத் திருப்பிக் குடுக்க வரும்போது, கடையில யாரும் இல்லாத நேரமாப் பாத்து, ஒருக்கா போட்டுக் கண்ணாடியில பாத்துட்டுத்தான் குடுப்பாரு. நானும் பாக்காத மாதிரி இருந்துக்குவேன்.

தொண்ணூத்தஞ்சு மார்கழியில பீளமேட்டுக்காரங்க 'மாறவேலன் மகுடம்' எடுத்தாங்க. பழைய நாடகம்தான், மந்திரி பாலுல விஷம் வச்சுக் குடுப்பான், ராஜா குடிச்சுட்டு விழுவான், கடைசி சீன்ல நான் சாகலைடான்னு எந்திரிச்சு வருவான். நாடகம் பாக்கற சனத்துக்கெல்லாம் தெரிஞ்ச கதை. ராஜா வேஷக்காரனுக்கு மஞ்சக்காமாலை வந்து படுத்துட்டான். வேற வழியில்லாம அண்ணனைக் கூப்பிட்டாங்க.

ஊட்டுல ஒத்திகை பாக்க அக்கா விடலை. கத்தற கத்தலையெல்லாம் பட்டறையோட வச்சுக்கங்கன்னுட்டாங்க. அண்ணனும் லேத்து ஓடற சத்தத்துலயே வசனம் பழகினாரு. அங்கி அளவு பாக்கப் போனப்ப எங்கிட்டச் சொன்னாரு, பாய், ஒரே ஒரு தடவை என் பேரு அந்தப் பலகையில வந்து, கப்பு என் கைக்கு வரணும், அதுக்கப்புறம் சாகற வரைக்கும் கயிறு இழுத்துட்டே கிடக்கறேன்னு. கிடைக்காதுன்னா அதையும் முன்னாடியே தெரிஞ்சுக்கணும், பீளமேடே கூடியிருக்கற இடத்துல வாயைப் பொளந்துட்டு உட்கார்ந்திருக்க என்னால ஆகாதுன்னாரு. அதுக்காக அக்காகிட்டக் கறாராச் சொல்லி வச்சிருந்தாரு.

"நீ என்னைப் பாக்காதே அம்புஜம். என்ன ஆனாலும் ஜட்ஜுங்க வாயை மட்டும் பாரு."

அக்காவும் சரின்னாங்க.

நாடகத்தன்னைக்கு அண்ணனுக்குக் குடுத்தது ஊதா வெல்வெட் அங்கி. மனுஷனுக்கு முதுகு அகலம். ஏத்திவிடும்போதே நடுத்தையல் விட்டுப்போச்சு. ஊக்குப் போட்டு இழுத்துப் பிடிச்சு, தயவு பண்ணித் திரும்பாதீங்கன்னு சொல்லி அனுப்பினேன். லேத்துச் சத்தத்துல பழகின குரலுங்களா, முதல் வசனத்துக்கே முன்வரிசையில தூங்கிட்டிருந்த குழந்தைங்க அலறிருச்சுங்க. ஆனா போகப் போகப் பரவாயில்லை. எனக்கு அங்கி மேலதான் கண்ணு.

பால் சொம்பு வந்துச்சு. குடிச்சாரு. நெஞ்சைப் பிடிச்சாரு. மரம் சாஞ்ச மாதிரி விழுந்தாரு, ஊக்குத் தெறிச்சு எங்காலுகிட்ட வந்துச்சு. போச்சுடா, கிழிசல் தெரிஞ்சிருக்கும்னு சபையைப் பாத்தேன். பாத்தா, தூணுக்கு இந்தப் பக்கம் அக்காவோட தலை நீண்டு வருது. இத்தனை வருஷத்துல அங்கிருந்து எனக்கு அவங்க முழு மூஞ்சி தெரிஞ்சது அன்னைக்குத்தான். அப்புறம் அக்கா எந்திரிச்சே நின்னுட்டாங்க. வாயைப் பொத்திக்கிட்டு அப்படியே மேடையைப் பாக்கறாங்க. என் துணி மானத்தை வாங்கிருச்சேன்னு நான் திரைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன்.

நாடகம் முடிஞ்சு எல்லாரும் அக்காவைச் சூழ்ந்துட்டாங்க. அண்ணன் அரிதாரம்கூட அழிக்காம ஓடி வந்தாரு. யாருக்குங்க அக்கா, அண்ணன் தேறுவாருங்களான்னு ஆளாளுக்குக் கேக்கறாங்க. அக்கா தரையைப் பாத்துட்டு, தெரியலைங்கன்னாங்க. அக்கா வாயில இருந்து அந்தச் சொல்லை யாரும் கேட்டதே கிடையாது. பொண்டாட்டியே சொல்லத் தயங்கறான்னா அவ்வளவு மோசமான்னு ஒருத்தரை ஒருத்தர் பாத்துட்டுக் கலைஞ்சாங்க. அண்ணன் அந்த ஊதா அங்கியோடயே நடந்து ஊட்டுக்குப் போனாரு. வேர்வையோடதான். அன்னைக்கு மட்டும் நான் ஒண்ணும் சொல்லலைங்க.

அன்னையிலிருந்து ஊட்டுல சாப்பாடு கிடையாது. பட்டறை முக்குல இருந்த பேக்கரியில தேங்காய் பன்னும் டீயும்தான். அக்காகிட்டப் பேச்சில்லை. நான் போய்க் கேட்டேன், அக்கா, கிடைக்காதுன்னாலும் சொல்லிப்போடுங்க, மனுஷன் பன்னைத் தின்னே வீங்கிட்டாருன்னு. தெரியலைன்னா தெரியலைதானுங்க பாய்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. மோர்கூடக் கேக்கலை. அன்னைக்கு அக்கா எந்திரிச்சு நின்னது அங்கி கிழிஞ்சதைப் பாத்துத்தான்னு எங்க ஊட்டுக்காரி மெஹராஜ்கிட்டச் சொன்னேன். உங்க துணியைப் பாக்கறதுக்கெல்லாம் எந்தப் பொம்பளையும் எந்திரிச்சு நிக்க மாட்டான்னு சொல்லிட்டு அவ பாட்டுக்கு வெங்காயம் உரிச்சா. அப்பவும் எனக்கு மண்டையில ஏறலை.

பலகை மாட்டினாங்க. நல்ல நடிகர் மூணு பேர்ல வெங்கடபதின்னு போட்டிருக்குது. கூட காரமடைப் பாட்டு நாடகக்காரர் ஒருத்தர், அப்புறம் பல்லடம் லட்சுமணசாமி. கோழிப்பண்ணை வச்சிருக்கறவர், நல்ல நடிகர், என் உடுப்பைத் துவைச்சுத் தேச்சுத் திருப்பிக் குடுக்கற ஒரே மனுஷன். பேரைப் பாத்ததும் அண்ணனுக்கு நிம்மதி வரலை, இன்னும் மோசமாப் போச்சு. இப்பப் பாதி ஆசை முழு ஆசை ஆயிருச்சே. பரிசளிப்புக்கு வரவே மாட்டேன்னாரு. ஒரு பட்டுச் சட்டையை மாட்டிவிட்டு நான்தான் இழுத்துட்டுப் போனேன்.

பலகையில பேர் வந்தவங்க குடும்பத்தோட முன்வரிசையில உட்காரணும். அதனால அக்காவுக்குத் தூணுமில்லை, ஒண்ணுமில்லை. அண்ணன் பக்கத்துலயே உட்கார வேண்டியதாப் போச்சு. நான் நேர் பின்னாடி. தலைவர் பேசறாரு, பேசறாரு, மார்கழிக் குளிரைப் பத்தியே பாதி நேரம் பேசறாரு. கடைசியில கவரைக் கையில எடுத்தாங்க. அண்ணனால முடியலை. அத்தனை நாள் கழிச்சு அக்கா பக்கம் திரும்பி, இப்பவாவது சொல்லித் தொலை, எனக்கா இல்லையான்னாரு. பேசினது தெலுங்குல. அந்த வாசல்ல நின்னு நின்னு எனக்கும் அவங்க தெலுங்கு அத்துப்படி.

அக்காவுக்குக் கண்ணுல தண்ணி. "நீங்க அந்தப் பாலைக் குடிச்சு விழுந்தீங்கல்லங்க, அப்புறம் கடைசி சீன் வரைக்கும் எந்திரிக்கவே இல்லை. எனக்கு உசிரே இல்லை. ஜட்ஜு எங்கே உட்கார்ந்திருந்தாங்கன்னே மறந்துபோச்சு. நீங்க சொன்னதைக் கேக்காம உங்களையேதான் பாத்துட்டு இருந்தேன். அதை எப்படிங்க வெளிய சொல்றது?"

"அது பொய்ச்சாவு புள்ளே. ஊருக்கே தெரியும்."

"எனக்கென்னங்க தெரியும்? நான் என்னைக்கு நாடகம் பாத்தேன்?"

அப்ப மைக்குல பேரைப் படிச்சாங்க. சபையெல்லாம் கைதட்டுது. அண்ணன் அக்கா மூஞ்சியவே பாத்துட்டு உட்கார்ந்திருக்காரு. நான் முதுகுல தட்டி, அண்ணா, லட்சுமணசாமிக்குன்னு சொன்னேன். அவரு திரும்பி, என்னத்தைங்க பாய் லட்சுமணசாமிக்குன்னு கேட்டாரு. கப்பைத்தானுங்கன்னேன். ஓ, அதான்னு சொல்லிட்டு எந்திரிச்சு நின்னு கைதட்டினாரு பாருங்க, லேத்துக்காரர் கை, மண்டபமே அதிர்ந்துச்சு. என்னைத்தான் பாத்தாளாம் பாய்னு சாப்பாட்டுப் பந்தியில சொன்னாரு, பட்டறையில சொன்னாரு, பன்னுக் கடையில பாக்கிக் கணக்குத் தீர்க்கப் போன இடத்துலயும் சொன்னாரு. சிரிச்ச மூஞ்சியைப் பாத்துட்டு, பரிசு இவருக்குத்தான்னு நெனைச்சு மாலையைக் கொண்டாந்து இவர் கழுத்துல போட்டவங்களும் உண்டு. அவரும் வேண்டாங்கலை.

அடுத்த மார்கழியில மஞ்சக்காமாலைக்காரன் தேறி வந்துட்டான். அண்ணன் பழையபடி கயித்துக்கே போயிட்டாரு. அக்கா மட்டும் நாற்காலியைத் தூக்கித் தூணுக்கு முன்னாடி போட்டுக்கிட்டாங்க. ராஜா செத்தா அழுதாங்க, கோமாளி வந்தா சிரிச்சாங்க, யாரு அழ வச்சாங்களோ அவங்களுக்குத்தான் பரிசுன்னு வாசல்ல வந்து கேட்டவங்களுக்கெல்லாம் அடிச்சுச் சொன்னாங்க. அதுக்கப்புறம் அக்கா சொன்னது ஒரு வருஷம்கூடப் பலிக்கலைங்க.