சிவப்பு ஜெர்சியில் வந்த அண்ணன்

மனிதர்கள் மேல் எனக்கு முதன்முதலாக நம்பிக்கை போனது ஃபுட்பால் மைதானத்தில்தான். அப்போது எனக்கு எட்டு வயது.

மந்தாரக்குப்பத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்கு மாமா ஒரு நைஜீரியக்காரரைக் கூட்டிவந்தார். மாமா, அம்மாவின் தம்பி. எங்கள் ஊர் டீமுக்கு கேப்டன். வந்தவர் டிஃபென்டர். சொந்த நாட்டில் ஒரு கிளப், பிறகு கொல்கத்தா, முழங்கால் கெட்டபின் கேரளம் என்று ஆடி ஆடி எங்கள் ஊர்வரை வந்திருந்தார். அவர் பையில் பல கலரில் ஜெர்சிகள் இருந்தன. எனக்கு அது புதிதில்லை. நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் அப்பாவுக்கும் அதே வேலைக்கு வேறு கலரில் சட்டை வரும்.

அவர் அம்மாவை "அக்கா" என்று கூப்பிட்டு மீன்குழம்பை மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை எங்களோடு மாதா கோயிலுக்கு வந்து, ஒரு வார்த்தையும் தெரியாமலே எல்லாரையும்விட உரக்கப் பாடினார். தெருப் பெண்கள் அவரைப் பார்க்கவே சர்க்கரை கடன் கேட்டு வந்தார்கள். எனக்கு அவர் சொந்த அண்ணன் ஆகிவிட்டார். அவர் நின்றால் பந்து எங்கள் கோல் பக்கம் எட்டிப்பார்க்காது. செமிஃபைனலையும் ஜெயித்தோம்.

ஃபைனல் குறிஞ்சிப்பாடி டீமோடு. அண்ணன் சிவப்பு ஜெர்சியில் இறங்கினார். சட்டையை மாற்றிப் போட்டுவிட்டார் என்று நினைத்து, "அண்ணே, நம்மளது பச்ச" என்று கத்தினேன். லேசாகக் கையை உயர்த்திவிட்டு அந்தப் பக்கத்து கோல் முன்னால் போய் நின்றார். கடைசி நிமிஷத்தில் மாமா தனியாகப் பந்தோடு ஓடியபோது, அண்ணன் சறுக்கி வந்து பந்தை மட்டும் சுத்தமாக எடுத்துப்போனார். மாமா குப்புற விழுந்தார். தோற்றோம்.

மாமா செமிஃபைனல் வரைக்கும்தான் அவருக்குக் காசு பேசியிருந்தாராம். டீம் ஃபைனலுக்குப் போகும் என்று கேப்டனுக்கே நம்பிக்கை இல்லை. போனபிறகும், அக்கா வீட்டில் சாப்பிடுகிறவர் எங்கே போய்விடுவார் என்று சும்மா இருந்துவிட்டார். குறிஞ்சிப்பாடிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. இதற்கு ஒரு விதி வேண்டும் என்று டோர்னமென்ட் கமிட்டிக்கும் தோன்றியிருக்கவில்லை.

சாயங்காலம் அவர் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா கதவைச் சாத்துவாள் என்று பார்த்தேன், தட்டை வைத்தாள். மைதானத்தில்கூட நான் அப்படி அதிர்ந்துபோகவில்லை.

"ஏமாத்தினவருக்கு எதுக்குப்பா சோறு?" என்றேன்.

"நம்ம பக்கம் ஆடும்போது ஒரு கோலாவது வுட்டாரா? பேசாம சாப்புடு," என்றார் அப்பா.

மறுநாள் காலையில் அம்மா அந்தச் சிவப்பு ஜெர்சியைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். அந்த வாரம்தான் அப்பாவுக்கு கான்ட்ராக்டர் மாறியிருந்தார். புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தவர், கொடியில் கிடந்த தன் பழைய சட்டையை ஓரமாகத் தள்ளி, ஜெர்சிக்கு வெயில் படும்படி இடம் விட்டுவிட்டு ஷிஃப்ட்டுக்குப் போனார். அப்பாவும் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டார் என்று நான் நாள் முழுக்க அழுதேன்.