மாத்திரை பிடித்த இடம்

எண்பதுகளின் கடைசியில் ஆவடியில் கணவர் வேலை பார்த்த ஆலையின் குடியிருப்புக்கு நான் குடிவந்தபோது என் சிரிப்புக்கு வேளை இருந்தது. மாத்திரை போட்டால் சிரிப்பேன். அதன் வேகம் அடங்கினால் இமை தொங்கும், உதடு அசையாது, பேச்சு மூக்கில் போகும்.

டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். நரம்பு சொல்வதைத் தசைக்குக் கொண்டுபோக ஒரு ரசாயனம் உண்டு. என் தசை அந்தச் செய்தியைச் சரியாக வாங்குவதில்லை. போதாததற்கு, ரசாயனத்தை உடனே உடைத்துப்போட ஒரு நொதி வேறு. அந்த நொதியில் சின்னக் குழி இருக்கிறது. அதில் வந்து விழுவதைத்தான் அது உடைக்கும். மாத்திரையின் மூலக்கூறு முந்திக்கொண்டு குழியை அடைத்துவிடும். ரசாயனம் உடையாமல் மிஞ்சும், தசை அசையும். பூந்தமல்லி பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான். என்ன, துண்டு நிரந்தரமில்லை. சில மணி நேரத்தில் கழன்றுவிடும்.

பக்கத்து வீட்டு அக்கா பருத்திப்பட்டுக்காரர். அவரிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன்.

"காத்தால நல்லா தானே பேசிகினு இருந்தே? இப்போ இன்னா வியாதி?" என்றார்.

அவரை விட்டால் அங்கே எனக்குப் பேச ஆளில்லை. அவர் வரும் நேரத்துக்கு முகம் தயாராக இருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலையெல்லாம். ஆலைச் சங்கு ஊதினால் மாத்திரை என்று வைத்துக்கொண்டேன். கடிகாரம் பார்க்கும் பழக்கமே விட்டுப்போனது.

முதல் ஆயுத பூஜை வந்தது. கணவர் பூஜைக்காக ஆலைக்குப் போய்விட்டார். அன்று இயந்திரங்களோடு சங்குக்கும் மாலை போட்டு ஓய்வு கொடுத்துவிடுவார்கள் என்று எனக்கு எங்கே தெரியும்? ஊதும் ஊதும் என்று உட்கார்ந்திருந்தேன்.

அக்கா பொரித் தட்டோடு ஓடிவந்தார். "எம் பொண்ணு முழுகாம கீறாம்மா! எத்தினி வருசம் கோயில் கோயிலா சுத்தினோம்!"

எனக்கும் குழந்தை இல்லை. ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், மனசு துள்ளியது. முகம் மட்டும் கல்லாக இருந்தது. வாயைத் திறந்தேன், வார்த்தை குழறியது. அக்கா என்னையே பார்த்தார். தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மாத்திரையை விழுங்கிவிட்டுக் காத்திருந்தேன். இமை ஏறியது, உதடு இளகியது. கண்ணாடியில் ஒருமுறை சிரித்துப் பார்த்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

அக்கா, பூஜைக்கு வந்திருந்த மகளை வாசலில் நிற்கவைத்து உப்பும் மிளகாயும் சுற்றிக்கொண்டிருந்தார். "ஊரு கண்ணு, தெரு கண்ணு, பக்கத்து ஊட்டுக் கண்ணு..." என்னைப் பார்த்ததும் மகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

மாத்திரை நன்றாகவே இடம் பிடித்திருந்தது. வெகுநேரம் வரை என்னால் சிரிக்க முடிந்தது. பார்க்கத்தான் ஆளில்லை.